சத்தம் கேட்டதா என்று கேட்டவனுக்கு

பக்கத்து அறையில் இருக்கும் என் மகனுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே, இவளுக்குப் பைத்தியமா என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். பதினோரு நாளாக நீயும் நானும் பேசவில்லை. தட்டை வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாய். சாம்பார் வேண்டுமென்றால்கூட உன் அப்பாவிடம் சொல்கிறாய், அவர் என்னிடம் சொல்கிறார், ஒரு கிண்ணம் மேஜையைக் கடக்க மூன்று பேர் தேவைப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறாய். இதைக் காகிதத்தில் எழுதி உன் மேஜையில் வைத்தால், படிக்காமல் டிராயரில் தள்ளிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். உன்னைப் பெற்றவள் நான். அதனால்தான் ‘பொருத்தி’யின் இணையப் பக்கத்தில், யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம் என்று திறந்து வைத்திருக்கிறோமே, அந்தப் பதிவேட்டில் போடுகிறேன். உன்னைப் பாராட்டி எழுதியவர்களுக்கும் திட்டி எழுதியவர்களுக்கும் நடுவில் உன் அம்மாவும் இருக்கட்டும். அழிக்க வேண்டுமானால் அழித்துக்கொள். பாஸ்வேர்டு உன்னிடம்தானே இருக்கிறது.

இதைப் படிக்க நேரும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இறக்கிக்கொள்ளும் இந்தப் பொருத்தியை முதலில் எழுதியவள் நான். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்து டவுன்ஷிப்பில் இருக்கிறோம். ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். தொண்ணூற்றெட்டில், செங்கல்பட்டு காதர் பாய் கடையில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு நாள் அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, எல்லா மென்பொருளையும் புதிதாகப் போட்டேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் அதை இயக்கத் தெரிந்த ஒரு சின்ன மென்பொருள் வேண்டும், டிரைவர் என்பார்கள். அதை வைத்திருந்த சீடியைத் தொலைத்துவிட்டேன். “அத்த இன்னாத்துக்கு மேடம் தொலைச்சீங்க? இன்னொரு தபா வாங்க, தேடி வெக்கிறேன்” என்றார் காதர் பாய். இரண்டு முறை பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் இதே அலைச்சல்தான். எந்தச் சிப்புக்கு எந்த டிரைவர் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். நோட்டு பட்டியலாயிற்று, பட்டியல் ஒரு மென்பொருளாயிற்று. சிப்புக்கும் டிரைவருக்கும் ஜாதகப் பொருத்தம் பார்க்கிறாய் என்று கேலி செய்து இந்தப் பெயரை வைத்தவர் என் வீட்டுக்காரர். சீடியில் போட்டு காதர் பாய் கடையில் வைத்தேன், வேண்டியவர்கள் சும்மா எடுத்துப் போனார்கள். பிறகு இணையத்துக்கு வந்தது.

இனி உனக்கு. மாமல்லபுரத்து ஸ்டூடியோக்காரரை ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். நீயும் என்னோடு இருந்தாய், அரும்பு மீசையோடு, என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு. ஒரு கல்யாண வரவேற்புக்குப் போகிற வழியில், காதர் பாய் சொன்னாரென்று அந்த ஸ்டூடியோவுக்குள் நுழைந்தோம். அடுத்த கடையில் சிலை செதுக்கும் தூசியெல்லாம் இவர் கம்ப்யூட்டருக்குள் போயிருந்தது. படம் சரியாகத் தெரியவில்லை, வேறு டிரைவர் போட வேண்டும் என்றார். பெட்டியைத் திறந்து, சிப்பின் மேல் இருக்கும் எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை வைத்திருக்க வேண்டும். பட்டுப்புடவை கட்டியிருந்தேன், தூசியில் கை வைக்க மனம் வரவில்லை. படம் காட்டும் கார்டு வந்த அட்டைப் பெட்டியில் போட்டிருந்த பெயரை நம்பினேன். அதே பெயரில் உள்ளே வேறு சிப்பை வைத்து விற்பார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. டிரைவர் ஏறியது, திரை கருத்துப் போயிற்று. அன்று சாயங்காலம் கொடுக்க வேண்டிய ஒரு கல்யாண ஆல்பம் முழுக்க அதற்குள் இருந்தது. “இன்னா மேடம், ஒண்ணுமே தெர்ல?” என்றார். “ரீஸ்டார்ட் ஆகுதுங்க, ரெண்டு நிமிஷம். ஒரு ஃபோன் பண்ணிட்டு வந்துடறேன்” என்று வெளியே வந்தேன். ஃபோன் பண்ணினேன், அது உண்மை. காதர் பாயைக் கூப்பிட்டு “நீங்க போய்ப் பாத்துடுங்க” என்றேன். ஆனால் திரும்பிப் போகவில்லை. உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். “அம்மா, அவர்கிட்ட சொல்லலையா?” என்று நீ கேட்டாய். “காதர் பாய் பாத்துப்பாரு” என்றேன். அதற்கப்புறம் வெகுநாள் அந்தத் தெருப்பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். கடைசி வரை அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஸ்டூடியோவை மூடிவிட்டு அவர் எங்கோ போய்விட்டார்.

அந்த வெட்கத்தில் எழுதியதுதான் முப்பது விநாடி விதி. புது டிரைவரைப் போடுவதற்கு முன்னால் பழையதைப் பொருத்தி பத்திரமாக எடுத்து வைக்கும். புதியதைப் போட்டுவிட்டு, படம் தெரிகிறதா, சத்தம் கேட்டதா என்று கேட்கும். ஆமாம் என்றால் புதியது நிற்கும். எஸ்கேப் பட்டனை அழுத்தினால் பழையது வந்துவிடும். முப்பது விநாடிக்குள் பதில் வராவிட்டால், பழையதைத் திரும்ப வைத்துவிடும். ஏனென்றால் திரை கருத்துப் போனவனால் பதில் சொல்ல முடியாது. பதில் வரவில்லை என்றால் ஏதோ கெட்டுப்போயிற்று என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் செய்யாமல் ஓடிவந்ததை என் மென்பொருளாவது நின்று செய்யட்டும் என்று எழுதினேன். அதை எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது. உனக்கு மாற்ற ஒரு வரிதான் பிடித்தது.

நீ ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொன்னால் என் வாய் அழுகிப் போகும். என் வலது மணிக்கட்டு வீங்கி, கீபோர்டைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நீதான் எடுத்துக்கொண்டாய். பட்டியலைப் பராமரிப்பது என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. புதிதாக ஒரு போர்டு சந்தைக்கு வந்தால், காதர் பாயிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் பெட்டியைத் திறந்து போட்டு, மாட்டிப் பார்த்து, டிரைவர் போட்டுப் பார்த்து, எடுத்துப் பார்த்து, அப்புறம்தான் பட்டியலில் ஒரு வரி. ஒரு வரிக்கு ஒரு நாள். சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். உன் பொறுமையைப் பார்த்து உள்ளுக்குள் பூரித்தேன், வெளியே சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பிறகு பதிவேட்டில் உன்னை ‘குரு’ என்றும் ‘தலைவா’ என்றும் எழுத ஆரம்பித்தார்கள். நீ அதைப் படிப்பதற்காகவே காலையில் எழுந்தாய். பாராட்டு பிடித்துப்போனவனுக்குத் திட்டு தாங்காது என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பெங்களூர் நேர்முகத் தேர்வில் பொருத்தியைக் காட்டித்தான் வேலை வாங்கினாய். நல்லது. பட்டியலில் பாதி என் கையெழுத்து நோட்டிலிருந்து வந்தது என்று அவர்களிடம் சொன்னாயா என்று நான் கேட்கப் போவதில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். ஒரு பத்துப் பேர் பதிவேட்டில் திட்டியிருந்தார்கள். டிரைவரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன், வந்து பார்த்தால் மறுபடி பழையதே உட்கார்ந்திருக்கிறது, உருப்படாத மென்பொருள், என்று. டீ குடிக்கப் போகிறவர்களுக்காக நீ விதியைத் திருப்பிப் போட்டாய். வந்து என்னிடம் சொன்னாய், அதையும் மறைக்கவில்லை. நான் சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். “அம்மா, முப்பது செகண்டுல பதில் வரலைன்னா பழசுக்குப் போகுதுல்ல? அத்த மாத்திட்டேன். பதில் வரலைன்னா புதுசே இருக்கும், கேள்வி மட்டும் ஸ்கிரீன்ல நிக்கும். இனிமே எவனும் திட்ட மாட்டான்” என்றாய். நான் நிமிரவில்லை. “சரிதானே?” என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? அன்று காலையில்தான், நீ பெங்களூர் வேலையை ஒப்புக்கொண்டுவிட்டாய் என்று எதிர்வீட்டு அம்மாள் எனக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தாள். உன் நண்பர்களுக்குத் தெரிந்து, எதிர்வீட்டுக்குத் தெரிந்து, கடைசியாக எனக்குத் தெரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. உன்னோடு பேசக் கூடாது என்று இருந்தேன். “சரி, அப்ப நெட்ல விட்டுடறேன்” என்று போய்விட்டாய். காய் வாணலிக்குப் போவதற்குள் உன் புதுப் பதிப்பு இணையத்துக்குப் போய்விட்டது. நான் பதில் சொல்லவில்லை, நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். உன் மென்பொருளுக்கு என்ன கற்றுக்கொடுத்தாயோ அதையே நீயும் செய்தாய்.

ஒரு வாரம் கழித்து, பகல் பதினோரு மணி இருக்கும், ஃபோன் வந்தது. உதவி வேண்டுமென்றால் கூப்பிடலாம் என்று நம் வீட்டு எண்ணைப் பொருத்தியில் போட்டிருந்தேன். அதை எடுத்துவிட வேண்டும் என்று நீ வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். “மேடம், நான் தாமோதரன் பேசறேன், திருக்கழுக்குன்றத்துலேர்ந்து. நம்ம பொருத்தி புதுசு போட்டேன் மேடம், சவுண்டு பூட்ச்சி. தம்பி கீறாரா?” நிதானமான குரல். நீ அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ திரும்பாமலே “இல்லைன்னு சொல்லு” என்றாய். நான் சொன்னேன். “ஊர்ல இல்லீங்க, திங்கக்கிழமைதான் வருவான்.” அவர் “சரிங்க மேடம்” என்று வைத்துவிட்டார். உனக்காகப் பொய் சொன்னேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டேன், அதுவும் பொய். அந்த மென்பொருளை எழுதியவள் நான். சத்தம் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், எஸ்கேப் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள், பழையது வந்துவிடும் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. உன் பதிப்பு கெடட்டும், நாலு பேர் உன்னைத் திட்டட்டும், அப்போது என்னிடம் வருவாய் என்று காத்திருந்தேன். இதைவிடக் கேவலமாக நான் இருந்ததில்லை.

அந்தத் தாமோதரனுக்குக் கண் தெரியாது. திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் எஸ்டிடி பூத் வைத்திருந்தவர். எல்லோர் கையிலும் செல்ஃபோன் வந்த பிறகு பூத்துக்கு ஆள் வரவில்லை. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறதே, அதைக் காதில் கேட்டுக்கொண்டு, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை டைப் அடித்து அனுப்பும் வேலை. சென்னையில் ஒரு கம்பெனி, ஒரு வாரம் செய்து காட்டு, பிறகு நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறோம் என்றிருந்தது. பதிவில் கரகரப்பு வருகிறதே என்று டிரைவரைப் புதுப்பிக்கப் போனார். பட்டியலில் அவர் கம்ப்யூட்டரில் சத்தம் தரும் சிப்புக்கு எதிரே இருந்தது அதே பெயருள்ள வேறு சிப்பின் டிரைவர். பட்டியலில் தவறு வரும், எத்தனை கவனமாக இருந்தாலும் வரும். பழைய பதிப்பாக இருந்தால் அரை நிமிடம் ஊமையாகி, மறுபடி பேசியிருக்கும். உன் பதிப்பு ஊமையாகவே நின்றது. அவர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து, மறுநாள் இரண்டு ஸ்பீக்கரையும் வயர் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறார். காதர் பாய் மாட்டிப் பார்த்தார், நன்றாகப் பாடியது. திரும்பக் கொண்டுபோய் மாட்டினார், சத்தமில்லை. மூன்றாம் நாள் காதர் பாய் மனசு கேட்காமல் தன் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார். அங்கிருந்துதான் எனக்கு ஃபோன் செய்தார். “மேடம், அவரு வூட்டாண்ட நின்னுகினு பேசறேன். மானிட்டருக்குத் துண்டு போத்தி வெச்சிருந்தாரு. எட்த்துட்டு ஆன் பண்ணிப் பாக்கறேன், சத்தம் கேட்டதான்னு இங்கிலீஷ்ல எழுதிக் காட்டிகினு கீது நம்ம பொருத்தி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் அதே கேள்வி. யார்கிட்ட மேடம் கேக்குது? கண்ணு தெரியாத மன்சன்கிட்ட எழுதிக் காட்டிகினு கீது. ஒரே ஒரு பட்டன். எஸ்கேப்ப அமுத்தினேன், பேச ஆரம்பிச்சிட்ச்சி.” வைப்பதற்கு முன் சொன்னார்: “வேல பூட்ச்சி மேடம். மூணு நாளு ஃபைல் போவல, வேற ஆளு போட்டுக்கினாங்களாம்.”

மறுநாள் நான் திருக்கழுக்குன்றம் போனேன். வந்து, நீயும் போ என்றேன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாய். “மெயில்ல சாரி சொல்லிட்டேன்ல? ஃப்ரீயா குடுக்கறோம். ஃப்ரீயா குடுத்துட்டு இதுக்கு மேல இன்னா பண்ணணும்ன்ற? ஒருத்தருக்காக எல்லாரையும் காக்க வெக்க முடியுமா?” என்று கேட்டாய். பிறகு, “நான் கேட்டப்ப நீ வாயத் தொறந்தியா?” என்றாய். அது உண்மை, அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. உன் அப்பா நடுவில் வந்து, “போற புள்ளைய ஏன் திட்ற” என்றார். அவருக்கு யாரும் யாரையும் திட்டக் கூடாது, சாப்பாடு நேரத்துக்கு வர வேண்டும். இலவசம் என்கிறாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கியவன் கடையில் போய்ச் சண்டை போடலாம், சாமானை முகத்தில் வீசலாம். நம்மிடம் வருகிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லை. தம்பி இருக்கிறாரா என்று கேட்கத்தான் முடியும். அதற்கும் இல்லை என்று சொல்லிவிட்டோம். மெயில் அனுப்பினாயாம். ஒரு மனிதனை மூன்று நாள் ஊமையாக உட்கார வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் குரலில் உன் மன்னிப்பை அவர் கேட்க வேண்டுமாம்.

தாமோதரன் வீட்டில் நடந்ததை நீ சொல்லவே விடவில்லை. இப்போது கேள். மலைக்குக் கீழே ஒற்றை அறை வீடு. நான் யாரென்று சொன்னதும், உட்காருங்க மேடம் என்று நாற்காலியைச் சரியாக என் பக்கம் தள்ளினார். அவரே டீ போட்டுக் கொடுத்தார். நான் என் பெருமையோடுதான் போயிருந்தேன். என் பதிப்பாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று சொல்லத்தான் போயிருந்தேன், சொல்லவும் சொன்னேன். அவர் சிரித்தார். “அதான் மேடம் எனக்குப் புரியாம இருந்துச்சி. ரெண்டு வருஷமா நாலஞ்சு தபா போட்டேன். ஒவ்வொரு தபாவும் சவுண்டு அரை நிமிஷம் செத்துப் போவும், பதறுவேன், அப்பறம் வந்துடும். புதுசு மட்டும் ஏறவே ஏறாது. நம்ம மெஷினுக்கு ராசி இல்லன்னு இருந்துட்டேன்” என்றார். எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. என் விதியும் அவரிடம் எழுதிக் காட்டித்தான் கேட்டிருக்கிறது. நான் திரை கருத்துப்போனவரை நினைத்து எழுதினேன், திரையே இல்லாதவரை நினைக்கவில்லை. என் பதிப்பு அவரைக் காப்பாற்றியது தற்செயல். அதில் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை. இதனால் உன் தப்பு ஒரு துளியும் குறையவில்லை, என்னுடையது கூடிற்று, அவ்வளவுதான். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். “வேல பூட்ச்சி, அத்த உடுங்க. சவுண்டுல கை வெக்கறதுக்கு முன்னாடியே, சவுண்டு போவப்போவுது, வரலன்னா இந்தப் பட்டன அமுத்துன்னு வாயால சொல்லிட்டுப் போவச் சொல்லுங்க. சவுண்டு இருக்கும்போதே சொல்லிடணும் மேடம். போன அப்பறம் கேட்டா நான் இன்னா பண்ணுவேன்?” என்றார். இத்தனை வருடத்தில் உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கிளம்பும்போது, அன்று ஃபோனில் நான் பொய் சொன்னேன், என் மகன் வீட்டில்தான் இருந்தான் என்று ஒப்புக்கொண்டேன். “தெரியும் மேடம்” என்றார். “பின்னாடி கீபோர்டு தட்ற சத்தம் கேட்டுச்சி. இல்லைன்னு சொல்லுன்னு தம்பி சொன்னதும் கேட்டுச்சி. எனக்குக் காதுதான மேடம் தொழிலே.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பஸ்ஸில் அழுதிருக்க மாட்டேன். கேட்டுவிட்டும் “சரிங்க மேடம்” என்று மரியாதையாக வைத்திருக்கிறார், நம்மை வெட்கப்படுத்தக் கூடாது என்று.

பெங்களூரில் உனக்கு இந்தத் தொல்லை இருக்காது. நீ ஒரு வரியை மாற்றினால் நாடு முழுக்க எத்தனையோ வீட்டுக்குள் போகும், ஃபோன் எடுக்க வேறு ஆட்கள் இருப்பார்கள், உன் அறைக் கதவு மூடியிருக்கும். எனக்கு அதை நினைத்தால்தான் பயம். உன்மேல் கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது, இறங்க நாளாகும். ஆனால் கோபத்துக்கு அடியில் இருப்பது பயம். ஓடுவதை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும். அங்கே போன பிறகு உன்னைத் திரும்பி நிற்க வைக்க யாரும் இருக்க மாட்டார்கள். என்னாலும் முடியாது. அதனால் இங்கே இருக்கும்போதே செய்கிறேன்.

தாமோதரன் சொன்னபடி எழுதி முடித்துவிட்டேன். வீங்கின மணிக்கட்டோடு, நீ வெளியே போயிருந்த நேரங்களில், ஒரு கையால் தட்டி. சத்தத்தைத் தொடுவதற்கு முன் பொருத்தி இனி வாயால் சொல்லும். பதில் வராவிட்டால் பழையதைத் திரும்ப வைக்கும். டீ குடிக்கப் போகிறவர்கள் குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை போட்டுக்கொள்ளட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இணையத்தில் ஏற்ற எனக்குப் பாஸ்வேர்டு இல்லை, அதைக் கேட்கவும் மாட்டேன். நீதான் ஏற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டும். நேற்று ஃபோன் செய்து கூப்பிட்டிருக்கிறேன். சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருகிறார். உன் மேஜையில்தான் உட்காருவார், மானிட்டரை நான் அணைத்து வைப்பேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டு எழுது. மணி அடித்தால் நான் போக மாட்டேன், உன் அப்பாவையும் போக விட மாட்டேன். நீயே கதவைத் திறந்து, வாங்க என்று சொல். நீ யாரென்று நான் சொல்ல வேண்டியிருக்காது. உன் குரல் அவருக்குத் தெரியும்.

உன் அம்மா